கோடையில் நண்பருடன் நெடுந்தூர பைக் பயணம்: முதன்முறை கிளம்புவோருக்கான செய்முறை விளக்கம்

வெயில் காலத்தில் நண்பரும் நீங்களும் ஆளுக்கொரு பைக்கில் பல நாள் பயணம் போவதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கிளம்பும் முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பத்தால் தளர்ந்துகொண்டிருப்பவருக்குத் தாம் தளர்வது தெரிவதில்லை. தாகம்கூட உடலில் நீர் குறையத் தொடங்கிய பிறகே எடுக்கிறது. ஆகவே உங்கள் நிலையை நண்பரும் நண்பரின் நிலையை நீங்களும் கவனிக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: ஒரு வாரம் முன்பே வண்டியைப் பாருங்கள்

டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். சாலையைத் தொடும் பகுதியிலுள்ள பட்டன் தேயாமல் இருந்தாலும், ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும் டயரை நம்பிக் கோடையில் கிளம்பாதீர்கள்.

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சுமை ஏற்றினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். டயரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை கூடும்; இது இயல்பானது. மதியத்தில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி, அந்த மடக்கத்தாலேயே இன்னும் சூடேறிக் கடைசியில் வெடித்துவிடக்கூடும்.

செயின் தொய்வைக் கையேட்டின்படி சரிசெய்துவிட்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுங்கள். அன்றைய ஓட்டம் முடிந்த மாலையில், செயின் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கும். என்ஜின் ஆயிலையும், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டையும் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பெட்ரோல் டேங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்துவதும் வேண்டாம். 15 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அது கால் லிட்டருக்கும் மேல் விரிந்து இடம் தேடும்.

படி 2: உடையைக் கழற்றாதீர்கள், நனைத்துக்கொள்ளுங்கள்

வெயில் என்றதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய சட்டையோடு ஓட்டத் தோன்றும். விழுந்தால் தோல் கிழியும் என்பது ஒருபுறம் இருக்க, வெப்பத்தைத் தாங்குவதற்கும் அது உதவாது. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. வீசும் காற்று அதைவிடக் குறைந்த வெப்பத்தில் இருக்கும்வரை, வேகமாகப் போனால் குளிர்ச்சியாக இருக்கும். காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் அதே காற்று உடலுக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது. வியர்வையோ தோலில் தங்காமல் அக்கணமே உலர்ந்துவிடுவதால், ‘வியர்க்கவே இல்லை’ என்று நினைத்தபடி லிட்டர் கணக்கில் நீரை இழந்துகொண்டிருப்போம்.

எனவே 35 டிகிரி வரை வலைத்துணி ஜாக்கெட் நன்றாக உதவும். அதற்கு மேல் போனால், உள்ளே ஒரு பருத்திப் பனியனை நீரில் நன்றாக நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே காற்று கொஞ்சமாக மட்டும் புகும் ஜாக்கெட்டை அணியுங்கள். முழு வலைத்துணிக்குள் நனைந்த பனியன் சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும். காற்றோட்டத்தைக் குறைத்தால் அந்த ஈரம் நெடுநேரம் நிற்கும். கழுத்தில் ஓர் ஈரத்துணியைக் கட்டி, அதன் நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். ஹெல்மெட் கண்ணாடி மூடியே இருக்கட்டும், திறந்தால் அனல் காற்று கண்ணை வறட்டிவிடும். புழுக்கமான, ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் மட்டும் இந்த முறை பெரிதாகக் கைகொடுக்காது. அங்கே ஈரம் ஆவியாவதில்லை என்பதால் நிழலும் அதிகாலை நேரமுமே துணை.

படி 3: பகல் பொழுதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பகலின் உச்ச வெப்பம் நண்பகலில் வருவதில்லை. பெரும்பாலும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணிக்குள்தான் வருகிறது. விடியும் நேரத்தில் கிளம்பி முற்பகல் 11 மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டு, உச்ச வெப்பத்தை நிழலில் கழித்து, மாலையில் மிச்சத்தைக் கடப்பது நல்லது. முதல் பயணத்தில் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டரே போதும் என்பது என் கருத்து.

படி 4: கடிகாரத்தைப் பார்த்து நீர் அருந்துங்கள்

முக்கால் மணி நேரத்திற்கு ஒருமுறை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிழல் கிடைத்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை சிறுகச் சிறுகக் குடிப்பது நல்லது. ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம், ஏனெனில் அளவு மீறிய வெறும் நீர் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவைக் குறைத்துவிடும். வியர்வையில் நீரோடு உப்பும் போவதால், நெடுநேரம் வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரை அப்படியே சேர்க்க வேண்டும். குறைந்த நீரில் கெட்டியாகக் கரைத்தால் பலன் கெடும். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் தொடர்பான சிகிச்சையில் இருப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். நான்கைந்து மணி நேரம் சிறுநீர் கழிக்கத் தோன்றாவிட்டாலோ, நிறம் அடர்ந்திருந்தாலோ குடித்தது போதவில்லை.

படி 5: இருவரும் சேர்ந்து ஓட்டும் முறை

அனுபவம் குறைந்தவரை முன்னே விடுங்கள். பின்னால் வந்தால் அவர் முன்னவரின் வேகத்தை எட்டிப்பிடிக்கத் தம் அளவை மீறுவார். நேர்ச்சாலையில் ஒருவர் தடத்தின் ஒரு பக்கமும் மற்றவர் சற்றுப் பின்னே மறுபக்கமுமாகச் சென்றால், பின்னவருக்குச் சாலை தெரியும், தடுமாறவும் இடம் இருக்கும். வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். முன்னவர் ஒரு கம்பத்தைக் கடந்ததும் பின்னவர் எண்ணத் தொடங்கி, குறைந்தது இரண்டு வினாடி கழித்து அதைக் கடக்க வேண்டும். வெயிலில் மறுவினை மந்தமாகும் என்பதால் மூன்று வினாடியாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்கைத் தட்டினால் பெட்ரோல், கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினால் நீர் என்று சைகைகளைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பின்னவர் பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் முன்னவர் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நின்று காத்திருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் தேடி அலையக் கூடாது.

படி 6: நண்பரைப் படியுங்கள்

மூன்று நாள் பயணம் ஒன்றில், முன்னே சென்றுகொண்டிருந்த என் நண்பர் ஒரு திருப்பத்தைக் கடந்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் வரை அது சிமிட்டிக்கொண்டே வந்தது. ஹார்ன் அடித்து நிறுத்தச் சொன்னேன். மரநிழலில் இறங்கியதும் கையுறையைக் கழற்ற முயன்றார். மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பிரிக்காமலேயே விரல் நுனிகளைப் பிடித்து மூன்று நான்கு முறை இழுத்தார். நான் பட்டையைப் பிரித்துவிட்டபோது, “எனக்கு ஒண்ணும் இல்லடா, போலாம்” என்றார். அன்று நாங்கள் அதற்கு மேல் ஓட்டவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி உண்டு. நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கேள்விகளை மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம்: டேங்கில் எவ்வளவு இருக்கிறது, இதற்கு முன் எங்கே நின்றோம், அப்போதிலிருந்து எவ்வளவு நீர் குடித்தாய்? விடை தாமதமாக வந்தாலோ எரிச்சலோடு வந்தாலோ, அங்கேயே அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிடுவோம். காரணமில்லாத கோபம், தடத்தில் அலைதல், தாமதமாகப் பிரேக் பிடித்தல் ஆகியவை பின்னே வருபவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

படி 7: நிலைமை மீறினால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கழற்றி, கால்களைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து விசிறிக்கொண்டே சிறுகச் சிறுக ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சு குழறினாலோ, குழப்பம், வலிப்பு, மயக்கம் ஏற்பட்டாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. உடனே அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை கையிலுள்ள நீர் முழுவதையும் உடலில் ஊற்றி, நிற்காமல் விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மாத்திரையும் இதற்கு உதவாது. வெப்பச் சோர்வு மட்டும் வந்து தேறியவரையும் அன்று மீண்டும் வண்டியில் ஏற்றாதீர்கள். மறுநாள் காலை மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்கிறாரா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.