சுழல் குமிழுக்கு மவுஸ் போதும்

டெம்பெஸ்ட் என்ற பழைய ஆர்கேட் விளையாட்டை, அத்தகைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் அம்புக்குறி விசைகளால் ஆடிப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று மூடிவிடாதீர்கள். அட்டாரி 1981இல் வெளியிட்ட அந்த இயந்திரத்தில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுழலும் ஒரு குமிழ்தான். விறுவிறுவென்று சுழற்றினால் குழாய் போன்ற களத்தின் விளிம்பில் நிற்கும் உங்கள் கொடுக்கு வடிவக் கலம் பறக்கும். மெல்லத் திருப்பினால் ஒரே ஒரு கட்டம் நகரும். விசைக்கு அந்த நயம் வராது.

மேமின் அமைப்புக் கோப்பைத் திறந்து, மவுஸ் என்ற வரியில் 0 இருந்தால் 1 ஆக்குங்கள். அப்புறம் ஆட்டத்தின் நடுவில் டேப் விசையை அழுத்தி, அனலாக் அமைப்புக்குப் போய் சென்சிட்டிவிட்டியை மாற்றுங்கள். மவுஸை ஒரு சாண் நகர்த்தினால் கொடுக்கு குழாயைப் பாதி சுற்றி வர வேண்டும். எனக்கு அந்த அளவுதான் கைக்கு இதமாக இருக்கிறது. திசை தலைகீழாகத் தெரிந்தால் அங்கேயே ரிவர்ஸ் இருக்கிறது.

மிஸைல் கமாண்ட் ஆட்டத்தில் கையால் உருட்டும் பந்தான டிராக்பாலுக்கும் இதே வழிதான். ஆனால் அதில் மூன்று ஏவுதளங்கள், மூன்று பொத்தான்கள். அவற்றை ஏ, எஸ், டி விசைகளுக்கு மாற்றிக்கொண்டால் இடது கை விரல்கள் தளங்களின் வரிசையிலேயே அமரும்.

ரோபோட்ரான் 2084 வேறு ரகம். ஒரு ஜாய்ஸ்டிக் ஓட, இன்னொன்று சுட. அதற்கு மட்டும் இரண்டு குச்சி உள்ள கேம்பேடையே எடுங்கள்.