ஒற்றை ஷாக் உசத்தி, இரட்டை ஷாக் மட்டமா?

என் சித்தப்பா பையன் இலவம்பாடிப் பக்கம் முள்ளு கத்திரிக்காய் பயிர் செய்கிறான். விடியற்காலையில் இரண்டு மூட்டையை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வருவான். போன மாதம், ஓட்டுகிற வண்டியை விற்றுவிட்டு மோனோ ஷாக், அதாவது பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்க ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் வைத்த 150 சிசி பைக் வாங்கப் போவதாகச் சொன்னான். "ரெண்டு ஷாக்கு பழைய டிசைன்ணா, வண்டி துள்ளுது" என்றான். துள்ளியதற்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒற்றை ஷாக் புதுசு, இரட்டை ஷாக் பழசு என்று நினைப்பதுதான் முதல் தவறு. இங்கிலாந்தின் வின்சென்ட் கம்பெனி 1928லேயே ஸ்பிரிங்கை சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்து பைக் செய்தது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஷாக் வைப்பது உலகம் முழுக்கப் பரவியது அதற்கு அப்புறம்தான். யமஹா 1973ல் ஒற்றை ஷாக்கோடு 250 சிசி மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண்பாதைப் பந்தயம்) உலகப் பட்டத்தை வென்றது. நம் ஊரில் 2004ல் வந்த ஹோண்டா யூனிகார்னைப் பார்த்துத்தான் பலருக்கும் மோனோ பழக்கமானது. இன்றைக்குப் புதிதாக வரும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹண்டர் 350 இரண்டிலும் இரட்டை ஷாக்தான். அதே கம்பெனியின் ஹிமாலயனில் ஒற்றை. வேலை வேறு, அதனால் அமைப்பும் வேறு.

கடப்பாரை போட்டுக் கல் புரட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மும் ஒரு கடப்பாரைதான். முன்முனை ஃபிரேமில் கீல் போட்டிருக்கிறது, பின்முனையில் சக்கரம். இரட்டை ஷாக் வண்டியில் ஷாக் சக்கரத்தை ஒட்டி நிற்கிறது. சக்கரம் 10 செ.மீ. ஏறினால் ஷாக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு அமுங்கும். ஒற்றை ஷாக் கீலுக்குப் பக்கத்தில் இருக்கும். சரியாகப் பாதி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் 10 செ.மீ. ஏறும்போது ஷாக் 5 செ.மீ.தான் அமுங்கும், ஆனால் அதன்மேல் விழும் விசை இரண்டு மடங்கு. பாதி அமுக்கத்தில் இரண்டு மடங்கு விசையைத் தாங்க, ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். மோனோ ஸ்பிரிங் கை மணிக்கட்டு மாதிரி தடியாக இருப்பது இதனால்தான். அழகுக்காக இல்லை.

அந்த விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. இரட்டை ஷாக்கின் மேல்முனை சீட்டுக்குக் கீழே, வால்பக்க ஃபிரேமில் மாட்டியிருக்கும். அதனால் அந்த இடத்தைப் பலமாகத்தான் செய்தாக வேண்டும். மூட்டை உட்காருவதும் அங்கேயேதான். மோனோவில் விசை வண்டியின் நடுவில், ஃபிரேம் ஏற்கெனவே உறுதியாக இருக்கிற இடத்தில் இறங்கிவிடும். வால்பகுதியை லேசாகச் செய்யலாம், எடை நடுவில் குவியும், வளைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கு அது சுகம். தினம் இரண்டு மூட்டை கட்டுகிறவர் கையேட்டில் போட்டிருக்கும் சுமை அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மோனோ என்றாலே லிங்கேஜ் இருக்கும் என்று நம்புவதும் தவறு. லிங்கேஜ் என்பது ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் இருக்கும் சின்ன நெம்பு. சின்னப் பள்ளத்தில் மெத்தென்று இருந்து, பெரிய பள்ளத்தில் போகப்போக இறுகும். ஹிமாலயனில் இது உண்டு. யூனிகார்ன், யமஹா எஃப்இசட் போன்றவற்றில் ஷாக் நேரடியாகத்தான் மாட்டியிருக்கிறது. லிங்கேஜ் இருந்தால் அதன் புஷ்களுக்கு கிரீஸ் வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை அதன் மூட்டிலேயே பீய்ச்ச விடாதீர்கள். ஆக்டிவா ஸ்கூட்டரின் ஒற்றை ஷாக்கை மோனோ என்று சொல்பவர்களும் உண்டு. அதில் இன்ஜினே சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது, கதையே வேறு.

ஷாக்கை "டைட்" வைப்பதில் நடக்கும் குளறுபடிதான் அதிகம். அதற்காக ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் படிப்படியான வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டியின் பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். சுமையால் தாழ்ந்ததைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரத்தான் அது இருக்கிறது. மூட்டையை இறக்கிய பிறகும் கடைசிப் படியிலேயே விட்டால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கிப் பிடிக்க இடம் இருக்காது, வண்டி துள்ளும். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் சக்கரம் ஏறி இறங்கும் மொத்த தூரத்தில் சுமார் 30 சதவீதம் அமுங்கினால் சரி. இரட்டை ஷாக்கில் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். கேஸ் டப்பா வைத்த ஷாக் கூடுதல் சுமை தாங்கும் என்பதும் கட்டுக்கதை. சூட்டில் ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்வதே அந்த கேஸின் வேலை. சுமை தாங்குவது ஸ்பிரிங். வெளியில் விற்கும் சிலவற்றில் அந்த டப்பா வெறும் அலங்காரம்.

நீளமான ஷாக் மாட்டி வண்டியைத் தூக்கிக் காட்டும் ஆசை எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. ஒரு அங்குலம்தான் கூட. சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையைவிட்டு எழவில்லை. வண்டி உயர்ந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டில் அளவுக்கு மேல் சாய்ந்தது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் சாய்ந்து விழுந்து, பக்கத்து வண்டியின் இண்டிகேட்டரையும் சேர்த்து உடைத்தது. அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

சரி, தம்பி வண்டிக்கு வருவோம். இடது ஷாக்கில் சீல் போய் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயில் இல்லாத ஷாக் வெறும் ஸ்பிரிங்தானே, துள்ளாமல் என்ன செய்யும்? அதை மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதையும் செய்யாதீர்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் சோர்ந்தது என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். ஜோடியாகவே மாற்றினோம். அப்புறம், மூட்டை ஏற்றி வைத்துச் செயின் தொய்வையும் ஒருமுறை பார்த்தோம். சக்கர அச்சு, கீல், இன்ஜின் பல்சக்கரம் மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். சுமை ஏறி பின்பக்கம் தாழும்போது அந்த நிலை நெருங்கும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அளந்து இறுக்கியிருந்தார்கள். அரை அங்குலம் தளர்த்த வேண்டியிருந்தது.