சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும், மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம்

வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம் எப்படியும் வந்துவிடும். 2015 டிசம்பரிலும் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. கட்சிக்காரர்கள், கோயில், மசூதி, சர்ச், கல்லூரிப் பையன்கள் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மெயின் ரோட்டு வீடுகளில் ஒரே வேளைக்கு இரண்டு மூன்று தக்காளி சாதம் சேர்ந்துபோய், கடைசியில் குப்பைக்குப் போனதும் உண்டு. ஆனால் பி.பி. மாத்திரையை யாரும் படகில் கொண்டுவர மாட்டார்கள். போனுக்கு சார்ஜ் வராது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு டயப்பர் வராது. நான் சென்னை வேளச்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அண்டா நிறையச் சோறு கட்டி வேறு ஏரியாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால், சொந்தத் தெருவில் செய்யவேண்டிய சில சின்ன வேலைகள் இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் கையோடு முதல் வேலையை முடித்துவிடலாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களின் மாத்திரைகளைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டர் சீட்டை மட்டும் எடுத்தால் போதாது, அந்தக் கையெழுத்தை எங்களாலேயே சில சமயம் படிக்க முடியாது. அட்டையின் பின்பக்கம், மருந்தின் பெயரும் எத்தனை எம்ஜி என்பதும் தெரியும்படி எடுங்கள். மழை நேரத்தில் கடைக்கு வருபவர்கள் "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுங்க தம்பி" என்கிறார்கள். என் கடையில் பாதி மாத்திரை சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பெயரும் எக்ஸ்பயரி தேதியும் அச்சாகியிருக்கும் முனை கடைசிவரை மிஞ்சும்படி, மறுமுனையிலிருந்து மாத்திரையைப் பிரிக்கச் சொல்லுங்கள். பத்து நாளைக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரை, இருதய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின் இதெல்லாம் திடீரென்று நிற்கக்கூடாதவை. "எனக்கும் அதே மாத்திரைதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இவருக்கு 25 எம்ஜி, அவருக்கு 50 எம்ஜி என்று இருக்கும்.

மழை எச்சரிக்கை வந்தாலே எங்கள் ஏரியாவில் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வருகிறார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. காருக்கு இருக்கிற முன்யோசனை மாமியாரின் இன்சுலினுக்கும் இருந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போனால் பிரிட்ஜ் வெறும் அலமாரிதான். பிரிக்காத இன்சுலினுக்கு இரண்டு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்ன பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ பாட்டிலோ பெரும்பாலும் ஒரு மாதம்வரை வெளியிலேயே தாங்கும், வெயிலும் சூடும் படாமல் இருந்தால் சரி. அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது கரண்ட் இருந்தால், எல்லோருடையதையும் பெயர் எழுதிய டப்பாக்களில் அங்கே சேர்த்துவிடலாம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவியை அணைத்துவிட்டு, வாசல் திண்ணையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வையுங்கள். நனையாத இடமாக, தண்ணீர் ஏறாத உயரமாக இருக்க வேண்டும். தெருவில் நாலைந்து நாள் கரண்ட் இல்லாதபோது, வெளியூரில் இருக்கும் மகளிடம் "நல்லா இருக்கேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிவது பெரிய விஷயம். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்று முறை வைத்தால் சண்டை வராது.

வாட்ஸ்அப் குரூப்பில் உதவி கேட்டுப் போடும்போது தேதியும் நேரமும் எழுதுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 2015இல் யாரோ ஒருவர் பால் பவுடர் கேட்டுப் போட்ட செய்தி, அந்தக் குழந்தைக்குப் பால் கிடைத்த பிறகும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுதும் முறை இதுதான்: வீட்டு எண், எந்த மாடி, அடையாளத்துக்கு ஒரு கடையோ கோயிலோ, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார், வாசலில் தண்ணீர் முழங்காலளவா இடுப்பளவா, எந்தப் பக்கமாக வந்தால் உள்ளே வர முடியும். உதவி கிடைத்ததும் அந்தச் செய்தியை அழித்துவிட்டு, "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி போடுங்கள். பெரியவர்கள் வீட்டுச் சுவரில் 1913 (மாநகராட்சி), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 108 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கொடுப்பதற்கு வருவோம். பழைய துணி வேண்டாம், அது ரோட்டோரம் மலையாகக் குவிந்து நனைந்து கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புது உள்ளாடை, நைட்டி, கைலி, துண்டு, பாய், நாப்கின், கொசுவத்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இவற்றைத்தான் கேட்கிறார்கள், அதுவும் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கிறார்கள். நாப்கினைக் கொடுக்கப் பெண்கள் போவதே நல்லது. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு உதவிக்கு வருபவர்கள் குறைந்துவிடுவார்கள். உண்மையில் ஆள் தேவைப்படுவது அப்போதுதான். வயதானவர்கள் வீட்டில் சேறு தள்ள ஒரு விளக்குமாறும் ஒரு மணி நேரமும் கொடுங்கள். உள்ளே போகும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், சுவிட்சைச் சுற்றித் தண்ணீர் நின்றால் தொடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்பப் போட வேண்டாம். காலில் பூட்ஸ், இல்லையென்றால் குறைந்தது மூடிய செருப்பு. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும். வெள்ளம் புகுந்த சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகுதான் நிரப்ப வேண்டும். குடிக்க எப்படியும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். நனைந்த பத்திரம், சான்றிதழ்களை வெயிலில் போடாமல், நிழலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்திக் கொடுங்கள். ஒட்டிக்கொண்ட தாளை இழுக்க வேண்டாம்.

அந்த வாரம் என் கடையில் வயிற்றுப்போக்குக்குத்தான் கூட்டம். ஓ.ஆர்.எஸ். வாங்கிக் கொடுக்கிறவர்கள், கரைக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். 1 லிட்டர் பாக்கெட் என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரேயடியாகப் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் தட்டிப் போடக்கூடாது. மறுநாள் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. அதற்கான மாத்திரையை மாநகராட்சி மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது எல்லாம் ஒத்துவராது என்பதால், மொத்தமாக வாங்கித் தெருவுக்கே விநியோகிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தால் முகாமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள், அது போதும்.

அப்புறம், சம்பளம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அந்த வாரம் வரவில்லை என்றால் அவர் லீவு போடவில்லை, அவர் வீட்டிலும் தண்ணீர். அவரைப் போன்ற பலர் இருக்கும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் எட்டு அடுக்கு, கரண்ட் இல்லையென்றால் லிப்ட் கிடையாது, மேலே தண்ணீரும் ஏறாது. முழுச் சம்பளம் கொடுங்கள், முடிந்தால் முன்கூட்டியே, ரொக்கமாக. நெட்வொர்க் இல்லாதபோது ஜிபே எதற்கும் உதவாது. வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலப் பையன்கள் ஆகியோரையும் கணக்கில் சேருங்கள். அந்தப் பையன்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இருக்காது, நிவாரணம் எங்கே கொடுக்கிறார்கள் என்றும் தெரியாது. 2023இல் 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாக டோக்கன் கொடுத்துத்தான் தந்தார்கள். கார்டு இல்லாதவர்கள் மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்த யாராவது ரேஷன் கடை வாசலில் ஒரு பேனாவோடு அரை நாள் உட்கார்ந்தாலே நிறைய பேருக்கு வேலை முடியும்.

கடைசியாக, பணமாகத்தான் கொடுக்க முடியும் என்பவர்களுக்கு. எங்கள் மாதிரிக் கடைகளில், மளிகைக் கடையில், கடன் நோட்டு ஒன்று இருக்கும். மழைக்குப் பிந்தைய மாதத்தில் அது தடிமனாகிவிடும். ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, "மாத்திரை வாங்கக் காசு குறைகிறவர்கள் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். தெரிந்த கடைக்காரராகப் பார்த்துக் கொடுங்கள். யாருக்குப் போனது என்று மட்டும் கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். ரசீது வேண்டுமானால் தருகிறேன்.