மருந்து வைத்தும் பேன் திரும்பத் திரும்ப வருகிறதா? ஒன்பதாம் நாளைக் கவனியுங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து தீபாவளிக்குள் என் இரண்டு பெண்களுக்கும் நான்கு முறை பேன் மருந்து வைத்துவிட்டேன். வைத்ததும் பத்துப் பதினைந்து நாள் நிம்மதி. பிறகு சின்னவள் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பிப்பாள். பள்ளி வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்து தொற்றுகிறது என்றே நினைத்தேன். நாள்களை எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது: புதிதாக எதுவும் வரவில்லை, ஜூனில் வந்த பேன்தான் போகாமலே இருந்திருக்கிறது.

முதலில் வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள்

பிள்ளை சொறிவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை பேன் தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் ஒரே பாயில் படுக்கிற எல்லார் தலைக்கும் போயிருக்கும். வெயில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் வகிடு பிரித்துப் பாருங்கள்.

என் பெண்கள் அப்பத்தாவோடுதான் தூங்குவார்கள். "எனக்கு இந்த வயசுல என்னத்தா பேனு?" என்று அவர் தலையைக் காட்டவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. கடைசியில் பார்த்தால் அவர் தலையிலும் இருந்தது, என் தலையிலும் இருந்தது. பேன் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து வைக்க வேண்டும்.

மருந்து வைக்கும் நாள்

மருந்துக்கடையில் பெர்மெத்ரின் 1% லோஷன் கேட்டு வாங்குங்கள். சதவீதத்தைப் படித்துப் பாருங்கள். 5% என்றிருந்தால் அது சிரங்குக்கு உடம்பில் தடவும் க்ரீம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த லோஷன் கூடாது.

நம் வீடுகளில் நடக்கிற தவறு, எண்ணெய்த் தலையில் மருந்து வைப்பது. கண்டிஷனர் கலக்காத சாதா ஷாம்பூவால் பிசுக்குப் போக அலசி, துண்டால் துவட்டிவிட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே வேர் வரை படும்படி லோஷனைத் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள்

நான் சறுக்கியது இங்கேதான். இந்த மருந்து ஊர்கிற பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள். பொரிந்து வரும் குஞ்சு வளர்ந்து தானே ஈர் வைக்க, மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். ஆகவே அநேகமாக எல்லாம் பொரிந்திருக்கும், எதுவும் இன்னும் ஈர் வைத்திருக்காது என்ற ஒரு சின்ன இடைவெளி உண்டு. இரண்டாம் முறை மருந்து அந்த இடைவெளியில் விழ வேண்டும்.

ஞாயிறு மருந்து வைத்தால் ஒன்பது நாள் கழித்து வருவது மறுவாரம் செவ்வாய். பள்ளி நாள், வீட்டுப்பாடம், எனக்கும் வேலை. "ஞாயிறு பார்த்துக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளினேன். அதற்குள் பதினான்கு நாள் ஆகிவிடும். முதலில் பொரிந்தவை மறுபடி ஈர் வைத்திருக்கும். ஐந்தாம் முறை செவ்வாய்க்கிழமை சாயங்காலமே டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டு, நான்கு பேருக்கும் மருந்து வைத்தேன். காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

சீப்பு

மருந்தைவிட நான் நம்புவது சீப்பை. இரண்டு பக்கமும் பல் உள்ள பிளாஸ்டிக் பேன் சீப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பல் வளைந்து கொடுப்பதால் குஞ்சுப்பேன் நழுவிவிடும். நீளமான, நெருக்கமான பல் உள்ள ஸ்டீல் சீப்பு வாங்குங்கள்.

முதல் மருந்து வைத்து மூன்றாம் நாளிலிருந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை, ஈரத்தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசிச் சிக்கெடுங்கள். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து, தலைத்தோலைத் தொட்டபடி வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ரெட்டைச்சடை போடும் நீளமுடிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பிள்ளைக்குக் கையில் ஏதாவது கொடுத்து உட்கார வையுங்கள், அவசரப்படாதீர்கள். இரண்டாம் மருந்துக்கு அப்புறமும் இரண்டு வாரம் தொடருங்கள். (ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் கண்டிஷனர் வேண்டாம்.)

வீட்டைக் கழுவித் தள்ள வேண்டியதில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் இவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும்.

இவை வேண்டவே வேண்டாம்

சீதாப்பழக் கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலக்கிறார்கள். அது சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. மண்ணெண்ணெய், எறும்புச் சாக்பீஸ் இரண்டையும் தலைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு போகாதீர்கள்.

பின்சேர்க்கை 1: "எல்லாம் செய்தும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே" என்று பலர் எழுதியிருந்தார்கள். தட்டினால் உதிர்வது பொடுகு. முடியோடு ஒட்டி, நகத்தால் உருவினால்தான் வருவது ஈர். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். தலைத்தோலிலிருந்து அதற்கும் தள்ளி இருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடு. அதற்காக மூன்றாம் தடவை மருந்து வைக்காதீர்கள். ஊர்கிற பேன் கண்ணில் பட்டால் மட்டும் டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள். பெர்மெத்ரினுக்குச் சாகாத பேனும் உண்டு. தலையில் புண், சீழ், கழுத்தில் நெறி கட்டியிருந்தாலும் டாக்டர்தான்.

பின்சேர்க்கை 2: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு அம்மா, மருந்தில்லாமல் முடியுமா என்று கேட்டார். முடியும். 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் மேலே சொன்ன கண்டிஷனர்–சீப்பு முறை மட்டும். 17ஆம் நாள் ஒருமுறை சீவிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: பேன் இருக்கிறது என்று பிள்ளையை வகுப்பில் தனியாக உட்கார வைத்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். என் சின்னவளுக்கும் அது நடந்தது, அன்று ராத்திரி "நான் அழுக்காம்மா?" என்று கேட்டாள். பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை உரசும்போது ஊர்ந்துதான் போகும். தினமும் குளிக்கிற தலையிலும் வரும். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. நான் டைரியில் இதை எழுதி, மருந்து வைத்த தேதியையும் குறித்து அனுப்பினேன். மறுநாளே பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள்.