பிளஸ் டூ மாணவர் கல்லூரிச் செலவுக்கு வழி காண்பது எப்படி?

கல்லூரியில் சேரும் முன், முதலாண்டுக் கட்டண விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, பேருந்து என்று அது தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் தொகையை வைத்து எதையும் கணக்கிட முடியாது. ஏனெனில் தமிழ்நாட்டில் கிடைக்கும் சலுகைகள் பலவும் கல்விக் கட்டணத்தை மட்டுமே குறைக்கின்றன.

முதல் பட்டதாரி சலுகை அத்தகையது. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குடும்பத்தில் ஒருவரும் பட்டம் பெற்றிராத மாணவர், அரசுக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால் சாதி, வருமானம் பாராமல் இது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடைக்காது. பேருந்தும் விடுதியும் உங்கள் செலவாகவே நிற்கும். இதைவிடப் பெரியது, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் வந்த இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே தகுதியுள்ளவர், ஏதோ ஒரு கல்லூரி ‘ஸ்காலர்ஷிப்’ என்று அழைத்ததை நம்பி, கலந்தாய்வுக்கு முன்பே முன்பணம் கட்டிவிடுவது நல்லதல்ல.

அடுத்தது, வங்கிக் கணக்குக்கு வரும் பணம். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை, இளநிலைப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கு 80 சதவீத மதிப்பெண் தேவை என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் கேட்கப்படுவது, உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தினால் முதல் இருபது சதவீதத்தினருள் நீங்கள் வருகிறீர்களா என்பதுதான். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர் இதைப் பெற முடியாது என்பதால், எது கூடுதல் என்று பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காகிதமே காரணம். பள்ளிச் சான்றிதழில் ‘கவிதா செ’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’, வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். கவிதா’ என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. என் அண்ணன் மகளின் உதவித்தொகை ‘அனுப்பப்பட்டது’ என்றே பல மாதங்கள் காட்டியது. கடைசியில் பார்த்தால், அவள் சிறுவயதில் தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது, பணமும் அங்கேயே கிடந்தது. எனவே பொதுத்தேர்வுக்கு முந்தைய விடுமுறையிலேயே பெயர்களை ஒப்பிட்டுத் திருத்துங்கள். உதவித்தொகைக்காக ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். வருமானச் சான்றிதழ் மட்டும் ஓராண்டுக்கே செல்லும்.

இவ்வளவுக்கும் பிறகு விழும் துண்டுக்கே கல்விக் கடன். நான்கு லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்காண்டுகள் வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலில் வாங்கிய லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000 என்று, முதல் தவணை தொடங்கும்போது வட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதி பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால் இந்த வட்டியை மத்திய அரசு மானியமாக ஏற்கும் திட்டம் உண்டு; கடன் விண்ணப்பத்தோடேயே அதையும் கேட்டு, வருமானச் சான்றிதழைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.