மீத்தேன் நுண்ணுயிர்களின் மரபணுத்தொகுதியை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்
பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிப் பிரிவான ஒற்றைச்செல் உயிர்கள் ஆர்க்கியாக்கள். அவற்றில் முதன்முதலாக முழு மரபணுத்தொகுதியும் வரிசைப்படுத்தப்பட்டது, 1996இல், மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஸ்கி என்னும் மீத்தேன் உருவாக்கிக்குத்தான். அதன்பின் தரவுகள் குவியக் குவிய, ஒரு மரபணு இருப்பதையே அந்த உயிரின் தொழிலாகவும் வரலாறாகவும் வாசித்துவிடும் அவசரமும் கூடியிருக்கிறது.

எம்.சி.ஆர்.ஏ மரபணுவைக் கண்டவுடன் ‘மீத்தேன் உருவாக்கி’ என்று முத்திரை குத்துவது இத்தகைய தவறுகளுள் முதன்மையானது. மீத்தேன் உருவாகும் கடைசிப் படியை நடத்தும் நொதியின் ஒரு கூறுக்கான மரபணு அது என்பதால், அடையாளமாகக் கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால், கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் இன்றி வாழும் ஏ.என்.எம்.இ என்னும் ஆர்க்கியாக்கள் அதே வழியைத் திருப்பி இயக்கி மீத்தேனை உண்கின்றன. 2016இல் விவரிக்கப்பட்ட சின்ட்ரோஃபோஆர்க்கியம் என்னும் ஆர்க்கியாவோ அந்நொதியின் உறவு நொதியால் பியூட்டேனைச் சிதைக்கிறது. மரபணு எந்தக் கிளையைச் சேர்ந்தது, துணை மரபணுக்கள் உள்ளனவா என்று பார்க்காமல் தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது.

இன்னொரு பிழை கணினியிலேயே பிறக்கிறது. மெத்தனோசார்சினா என்னும் மீத்தேன் உருவாக்கி, மெத்தில் அமீன்கள் என்னும் சேர்மங்களைப் பயன்படுத்த உதவும் மரபணுக்களின் நடுவே யு.ஏ.ஜி என்னும் மூன்றெழுத்துக் குறி வருகிறது. பெரும்பாலான உயிர்களில் அது, புரதம் கட்டுவதை முடிக்கச் சொல்லும் நிறுத்தக்குறி. இங்கோ, 2002இல் தெரியவந்தபடி, பைரோலைசின் என்னும் 22ஆவது அமினோ அமிலத்தைச் சேர்க்கச் சொல்லும் குறி. மென்பொருளை வழக்கமான அமைப்பிலேயே ஓட்டினால் ஒரே மரபணு இரண்டு துண்டுகளாகத் தெரியும். அதைச் ‘செயலிழந்த மரபணு’ என்று எழுதிவிட்டால், நடக்காத ஓர் இழப்பு பரிணாம வரலாற்றில் ஏறிவிடும். பைரோலைசினைக் கையாளும் மரபணுக்கள் அத்தொகுதியில் உள்ளனவா என்று தேடினால் இது எளிதில் பிடிபடும்.

சேற்றிலிருந்து எடுத்த கலப்பு டி.என்.ஏவைக் கொண்டு கட்டிய தொகுதிகளில் ஒரு மரபணு காணப்படாதது, அது இல்லாததற்குச் சான்றாகாது; அத்தொகுதிகள் பெரும்பாலும் முழுமையற்றவை.

ஒற்றை மரபணுவில் குலமரம் வரைவதும் ஆபத்தானதே. கொதிநீரை மிஞ்சும் வெப்பத்தில் வளரும் மெத்தனோபைரஸ் என்னும் மீத்தேன் உருவாக்கியை, புரதம் கட்டும் ரைபோசோமின் ஓர் ஆர்.என்.ஏவுக்கான மரபணுவை (16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ) மட்டும் வைத்து வரைந்த மரம் ஆர்க்கியாக்களின் அடிவேருக்கு அருகே வைத்தது. ரைபோசோம் புரதங்களைச் சேர்த்து வரைந்த மரமோ மற்ற மீத்தேன் உருவாக்கிகளுடன் சேர்த்தது.

இனம் கடந்து தாவிய மரபணுக்களை வெறும் இடையூறு என ஒதுக்குவதும் தவறு. மெத்தனோசார்சினா அசிட்டேட்டைப் பயன்படுத்தும் திறனுக்குரிய மரபணுக்களை பாக்டீரியாவிடமிருந்து பெற்றதாகக் கருதப்படுகிறது. அதற்கு எதிர்த்திசையில், ஆர்க்கியாவிலிருந்து, புதைபடிவங்கள் உள்ள சயனோபாக்டீரியாவின் மூதாதைக்குத் தாவிய மரபணுக்களைப் பற்றிக்கொண்டுதான், புதைபடிவமே இல்லாத மீத்தேன் உருவாக்கிகள் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018இல் ஓர் ஆய்வு கணித்தது.