பழைய நகரத்துக்குக் குடிபோகும் முன்: பார்க்கப் போகும் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டையையும் அரண்மனையையும் பார்த்து மயங்கி, "இங்கேயே வந்துவிடலாம்" என்று அன்று இரவே முடிவெடுப்பதுதான் முதல் தவறு. சுற்றிப் பார்க்க வருபவருக்கு அந்த ஊர் காலை பத்து மணிக்குத்தான் விடிகிறது. குடியிருப்பவருக்கு ஆறு மணிக்கே தொடங்கிவிடும்: குழாயில் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்விகளோடு. பயணம் ஐந்து நாள் என்றால் நினைவுச்சின்னங்களுக்கு ஒரு நாள் போதும். மிச்ச நான்கு நாளும் அங்கே குடித்தனம் நடத்திப் பாருங்கள்.

அதற்கு, விடுதிகள் வரிசையாக நிற்கும் தெருவில் தங்கக்கூடாது. நீங்கள் வீடு தேடப்போகும் பகுதியிலேயே, சமையலறை உள்ள ஒரு வீட்டை எடுங்கள். சமையுங்கள், துணி துவையுங்கள், குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கள். குப்பை வண்டி சந்துக்குள் வருகிறதா, தெருமுனை வரை தூக்கிப்போக வேண்டுமா என்பது அப்போதுதான் தெரியும். பயணத்தில் இரண்டு வேலைநாளாவது இருக்கட்டும். வார இறுதியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அலுவலக நேர நெரிசல் கணக்கில் வராமலே போய்விடும்.

நல்ல பருவத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது அடுத்த தவறு. 2020-இல் கடல் தடுப்புக் கதவுகள் இயங்கத் தொடங்கும்வரை, கோடையில் இத்தாலியின் வெனிஸைப் பார்த்தவருக்கு, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏறி வந்து தரைத்தளங்களை நனைத்த கதை கண்ணில் பட்டிருக்காது. 1966 நவம்பர் 4 அன்று அங்கே நீர்மட்டம், அளவுகோலாக வைத்திருக்கும் பழைய சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 194 செ.மீ. வரை உயர்ந்தது. எந்த ஊருக்கும் மோசமான மாதம் ஒன்று உண்டு. மழையோ, கடுங்குளிரோ, திருவிழாக் கூட்டமோ, அந்த மாதத்தில் ஒருமுறை போங்கள். முடியாவிட்டால், அந்த மாதத்தில் தெரு எப்படி இருக்கும் என்று தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். வாடகைக்கு விடுபவரைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

சுவரைப் படிக்காமல் வீட்டைப் பிடிப்பது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய வீடுகள் பலவும் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி, காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சோ பிளாஸ்டிக் எமல்ஷனோ ஏற்றிவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லை. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நிற்கும். பூச்சு அடைத்துவிட்டால் அதையும் தாண்டி மேலே ஏறும். எனவே சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தால், அல்லது அங்கே மட்டும் மரப்பலகையோ டைலோ பதித்திருந்தால், காரணத்தைக் கேளுங்கள். அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் பல காலமாக வந்துபோகிறது என்று பொருள். ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு படிந்த சுவரில், காய்ந்திருந்தாலும் அது கூடுதலாகக் காட்டும்.

சிறு குழந்தைகள் இருந்தால் பெயிண்டையும் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் அதற்குத் தடை வந்தது 1978-இல்தான். பெயிண்ட் உரிந்து உதிரும் ஜன்னல் சட்டம், கைப்பிடிச் சுவர் ஆகியவற்றைக் குழந்தை தொட்டு வாயில் கைவைக்கும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தத் தூசியால் ஆபத்து அதிகம். உலர்ந்த நிலையில் சுரண்டுவது அதைவிட மோசம், தூசி வீடெங்கும் பரவும். சோதித்துப் பார்க்காமல் குடிபோகாதீர்கள். குடிநீர்க் குழாய் ஈயமா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மின்சாரத்தில் எர்த் இணைப்பு எல்லா அறையிலும் உண்டா என்று பாருங்கள். காலை நெரிசல் நேரத்தில் மாடிக் குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்து, தண்ணீரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். கனத்த கல்சுவருக்கு உள்ளே போன் சிக்னல் செத்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர், மேசை போடப்போகும் அறையில் கதவை மூடிக்கொண்டு ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பார்த்துவிடுவது நல்லது.

டேப் எடுத்துப் போகாதது

வாசலின் அகலம், படிக்கட்டு திரும்பும் இடம், தலைக்கு மேலுள்ள உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் 90 செ.மீ. வரை போகும். வாசல் அகலமாக இருந்தும் படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொள்வது சாதாரணம். லாரி எங்கே நிற்கும், அங்கிருந்து வாசல்வரை எத்தனை அடி என்பதை நடந்தே அளந்து, சாமான் ஏற்றி இறக்குபவரிடம் முன்னதாகச் சொல்லுங்கள். ஃப்ளாரன்ஸ் போன்ற பல இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பதிவெண்ணைப் பிடித்துவிடும், அபராதம் பின்னால் வந்து சேரும். குடியிருப்பவருக்கான அனுமதிச் சீட்டு எப்படிக் கிடைக்கும், ஒரு வீட்டுக்கு எத்தனை வண்டி என்று நகராட்சியில் கேட்டறிவது பயணத்தின்போதே முடிய வேண்டிய வேலை.

"யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதா" என்று மட்டும் விசாரிப்பவர்களும் உண்டு. உங்கள் ஜன்னலை நேரடியாகக் கட்டுப்படுத்துவது அந்த நாட்டுச் சட்டமும் உள்ளூர் விதியும்தான். ஜப்பானின் கியோட்டோ நகரம் 2007-இல் நகர மையக் கட்டடங்களின் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது, கூரைமேல் விளம்பரப் பலகைகளையும் தடைசெய்தது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் ஏ.சி. வெளிப்பெட்டி, கதவு நிறம், ஜன்னல் மாற்றம், சோலார் தகடு ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசியாக, தூரத்தை வரைபடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். வரைபடம் 600 மீட்டர் என்று காட்டும் வழியில் எழுபது படிகள் இருக்கலாம், கல்பாவிய தெருவில் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் குலுங்கி நிற்கலாம். பள்ளி நாளொன்றில் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டு, மணி அடிக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கும்படி கிளம்பிப் பாருங்கள். தாத்தா பாட்டி கூட வருவதாக இருந்தால், வீட்டிலிருந்து மருத்துவமனைவரை அவர்களையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் போய்வாருங்கள். ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா, முனையிலேயே நின்றுவிடுமா என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.